குடை ஓரத்தில் ஒரு பெயர்

இந்த நாட்டில் மழைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் வடக்குக் கடற்கரையில், விடுமுறைக்கு நான் அறை எடுத்திருந்த வீட்டுக்காரம்மா, காலையில் ரொட்டித் தட்டை மேசையில் வைத்ததுமே 'சாரி' என்றார். ரொட்டி கருகிவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே மழை. அதனாலென்ன, எங்கள் ஊருக்குக் கொஞ்சம் அனுப்பிவையுங்கள் என்றேன். அனுப்ப முடியாதே என்று அதற்கும் ஒரு சாரி சொன்னார்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மேகம் இறங்கினால், கடையில் நிற்பவர்கள்கூடத் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பார்கள். பாதி நாள் அது மலையோடு நின்றுவிடும். மண் வாசனை மட்டும் வந்து ஆசை காட்டிவிட்டுப் போகும். அந்த ஊரில் பிறந்துவிட்டு மழையைத் திட்டினால் வாய் அழுகிப்போகும் என்று நினைத்திருந்தவள் நான். அந்த ஒரு வாரத்தில் வாய் வலிக்கத் திட்டினேன். காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரர் செல்லத்துரை, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். கல்யாணமான மறுவருஷமே எனக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து வந்துவிட்டேன். அவர் வருவதற்கும் விசா தயார். மில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அதில்தான் மனிதர் இழுத்தடித்தார். "பாக்காத ஊருக்கு எப்படிட்டி வாரது? போட்டோ புடிச்சு அனுப்பு, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று போனில் சொல்லிவிட்டார். நான் வேலை பார்க்கும் ஊரில் படம் பிடிக்க என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி, ஒரே அச்சில் வார்த்த வீடுகள், பஸ் ஸ்டாப். அவருக்குக் கடல் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் கன்னியாகுமரிக்குப் போனபோது, பாறையில் அலை மோதுவதைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தவர். அதனால்தான் நைட் டியூட்டி பார்த்துச் சலித்த உடம்பை இழுத்துக்கொண்டு, கேமராவோடு அங்கே போனேன்.

கரை என்றால் மணல் கிடையாது. கறுத்த பாறை செங்குத்தாக இறங்குகிறது. கீழே கடல் ஓயாமல் அடிக்கிறது. கடலுக்குள்ளும் தூண் தூணாகப் பாறைகள். வெயில் அடித்தால் அழகாகத்தான் இருந்திருக்கும். அடிக்கவில்லையே. நனைந்த புல்லில் வழுக்கி வழுக்கி நடந்தேன், ஒரு கையில் கேமரா, ஒரு கையில் குடை. குடை அவருடையது. தேரடியில் குடை ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து, ஓரத்தில் உட்பக்கமாக வெள்ளைப் பெயிண்டில் தன் பெயரை எழுதி வாங்கியிருந்தார். வெளியே எழுதினால் வெயிலில் போய்விடுமாம். சாயங்காலம் அதை நடையில் விரித்துக் காயப்போட்டபோது, அது என்ன, கம்பெனிப் பெயரா என்று வீட்டுக்காரம்மா கேட்டார். என் கணவர் பெயர் என்றேன். மறுநாள் காலை, அங்கே தங்கியிருந்த எல்லோரிடமும், இவருடைய கணவர் இந்தியாவில் குடை கம்பெனி வைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருத்தியிருக்கலாம். அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

படங்கள் கழுவி வந்தபோது எனக்கு அழாத குறை. காற்றுக்கு முன்னால் சாய்த்துப் பிடித்த குடை, ஏறக்குறைய எல்லாப் படத்திலும் மேல் மூலையில் விழுந்திருந்தது. மேக மப்புக்கு ஃபிளாஷ் தானாகவே எரிந்து, பாறையைவிடப் பளிச்சென்று வெள்ளை எழுத்து. 'செல்லத்' படத்துக்கு வெளியே போய்விட்டது. 'துரை' மட்டும் இருந்தது. இன்னொரு தடவை போக லீவும் இல்லை, தெம்பும் இல்லை. அதையே அனுப்பினேன்.

சில வாரம் கழித்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். முதலில் ஒரே சிரிப்பு. சீமைக்குப் போய்த் தானும் துரையாகிவிட்டதாகவும், மில்லில் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டுச் சலாம் போடுவதாகவும் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்த வாக்கிலேயே, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். பூத்துக்கு வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

"ஏட்டி, திருப்பித் திருப்பிப் பாத்தேன். அம்புட்டும் பாறை. ஒரு ஆளக் காணோம், ஒரு டீக்கடை இல்ல. நீகூட இல்லயே."

"எடுத்தது நானு. நான் எப்படி அதுல இருப்பேன்?"

"அதான் சொல்லுதேன். உன்னய ஒரு போட்டோ புடிக்கக்கூட அங்கன ஆளு இல்ல."

"அப்போ நீங்க வாங்க."

குரலை இறக்கிச் சொன்னார்: "துரை அங்கனயே இருக்கட்டும்ட்டி. செல்லத்த இங்கன விட்டுரு. என்னால ஏலாது."

அவர் வராதது ஒரு வலி. என்னைத் திரும்பி வா என்று கூப்பிடாதது அதைவிடப் பெரிய வலி. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்று கேட்காதீர்கள். திரும்பி வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

அடுத்த வருஷ விடுமுறைக்கு, வேறு எங்கே போவதென்று தெரியாமல் அதே வீட்டுக்குப் போனேன். மழைதான். வீட்டுக்காரம்மா வாசலிலேயே குடையை அடையாளம் கண்டுகொண்டு, கணவரின் வியாபாரம் எப்படிப் போகிறது என்று அக்கறையாக விசாரித்தார். ஊரில் நன்றாகத்தான் நடக்கிறது, இங்கே கிளை திறக்கத்தான் அவருக்கு மனமில்லை என்றேன். 'சாரி' என்றார். முதல் தடவையாக அந்தச் சொல்லை நான் வாங்கிக்கொண்டேன். குடையை நடையில் விரித்து வைத்துவிட்டு நின்றேன். செல்லத்துரை என்ற முழுப் பெயரும் அங்கே சொட்டிக்கொண்டிருந்தது.