சர்க்கரைக் குடும்பத்தில் ஒன்பதாவது ஆள்

ஒரு குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் மரபணுவைப் படித்துச் சொல்கிறார்கள். என்னைத் துப்பவைத்தது சென்னையில் ஆராய்ச்சி செய்யும் அக்கா மகள். உயிரணுவின் சவ்வில் நின்று சரக்கை உள்ளேயும் வெளியேயும் கடத்தும் புரதங்கள் உண்டு. அவற்றின் மரபணுக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பது அவள் வேலை. 'எஸ்எல்சி' என்பது மொத்த வகையறாவுக்கும் பொதுப்பெயர். அடுத்த எண், குடும்பம். கடைசி எண், அந்த வீட்டில் எத்தனையாவது ஆள் என்பது.

அறிக்கை கைப்பேசிக்கு வந்தபோது வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டிக்கொண்டிருந்தோம். 'எஸ்எல்சி2ஏ9-இல் மாற்றம்' என்றிருந்தது. அவளுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. இணையத்தில் தேடினேன். இரண்டாம் குடும்பம், சர்க்கரை கடத்துகிறவர்களாம். போதாதா? நாக்கு வறண்டது. கண் மங்கியது. கண்ணாடியைத் துடைத்ததும் தெளிந்துவிட்டது; அதை நான் பொருட்படுத்தவில்லை.

பந்தியில் பெரியப்பா மகன் பரிமாற வந்தார்.

"என்னடா, எலையில சோத்தக் காணோம்?"

"சர்க்கரண்ணே."

"எப்பருந்து?"

"இப்பத்தான். செத்த நேரமா."

"அடப்பாவி! அப்பக் கறியா அள்ளி வைங்கப்பா இவனுக்கு. ஈரல எங்கிட்டு வச்சீக?"

சர்க்கரைக்காரன் கறி தின்னலாம் என்பது எங்கள் பங்காளிகளின் மருத்துவ முடிவு. ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், குடல் எல்லாம் வந்தன. சாகப்போகிறவனின் துக்கத்தோடு எதையும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

மறுநாள் காலை வலது கால் கட்டைவிரல் தக்காளியாக நின்றது. போர்வை உரசினாலே உயிர் போனது. அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்.

"மாமா, நாங்க குடும்பம் பிரிக்கிறது உருவ ஒத்துமைய வச்சு. தூக்குற சரக்க வச்சு இல்ல. அந்த ஒம்பதாவது ஆளு சர்க்கரக் குடும்பத்துல பொறந்தவன்தான், ஆனா முக்கியமா தூக்குறது யூரிக் அமிலம். அது ஒடம்புல தேங்குனா மூட்டு வீங்கிக்கும். கறி, ஈரல்னா கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க."

ஒரே குலசாமியைக் கும்பிடும் எங்களில் ஒருவன் துபாயில் லாரி ஓட்டுகிறான், ஒருவன் கீரனூரில் பாத்திரம் விற்கிறான், நான் பத்திரம் எழுதுகிறேன். அத்தனை பேருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் குடும்பத்தை வைத்து அந்த ஒன்பதாவது ஆளின் தொழிலை முடிவு செய்திருக்கிறேன்.

நொண்டிக்கொண்டே டாக்டரிடம் போனேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு ஒரு பருக்க தொடலைங்க சார்."

"அதக் கேக்கல. எதத் தொட்டீங்க?" என்று விரலை லேசாக அமுக்கினார்.

"ஈரல்!" என்று அலறினேன். அடுத்த அமுக்கில் சுவரொட்டியையும் குடலையும் சேர்த்தே ஒப்புக்கொண்டேன்.