அப்பா கிட்டாரை மாற்றினார்

நான் வேலை செய்யும் மருத்துவமனையில் யாரிடமாவது ஓர் உதவி கேட்டால் சில நேரம் "ஐ வில், யா" என்று பதில் வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "செய்கிறேன்" என்று பொருள். அயர்லாந்தில் அதற்குப் பொருள் "செய்யமாட்டேன்". இழுத்துச் சொல்லும் அந்த "யா"வில்தான் மறுப்பு இருக்கிறது. லிமரிக் நகரத்துக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பணி நேரத்தை எடுத்துக்கொள்வாயா என்று உடன் வேலை செய்யும் மேவ்விடம் கேட்டேன். "ஐ வில், யா" என்று சிரித்தாள். நான் நிம்மதியாகச் சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டேன். வார்டில் ஆளில்லை. மறுநாள் மேவ்வின் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. "முடியாது என்று உன்னிடம் தெளிவாகச் சொன்னேனே!" என்றாள்.

கோயமுத்தூர்க்காரிக்கு இது இத்தனை புதிதாக இருந்திருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் "முடியாது" என்ற சொல்லை யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. "பாத்துக்கலாமுங்க" என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். சென்ற ஆண்டு அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "கண்ணு, அந்தக் கிட்டாரக் குடுத்துபோட்டு வேறொண்ணு வாங்கோணும். லீவுல நீ வந்தீன்னா ரெண்டு பேருமாப் போயிட்டு வந்தரலாம்" என்றபோது நானும் அதையேதான் சொன்னேன். "பாத்துக்கலாமுங்கப்பா." அவர் உடனே பேச்சை மாற்றினார். லிமரிக்கில் குளிரா என்று கேட்டார்.

அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் பட்டறையில் லேத் ஓட்டியவர். முகூர்த்த நாட்களிலும் திருவிழா நாட்களிலும் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். அந்தக் கிட்டார் ஜப்பானில் செய்தது, என்னைவிட மூத்தது. கப்பல் வேலைக்காரர் ஒருவர் கொச்சிக்குக் கொண்டுவர, அது ஆர்கெஸ்ட்ரா நடத்தியவர் கையில் சேர்ந்து, அவர் ஆர்கெஸ்ட்ராவைக் கலைத்தபோது அப்பாவிடம் வந்தது. நடுவில் சிவப்பாகவும் ஓரம் போகப் போகக் கறுப்பாகவும் இருக்கும். கம்பிகள் உட்காரும் பிரிட்ஜ் ஒருமுறை உடைந்துபோக, பட்டறை லேத்தில் பித்தளையில் ஒன்று கடைந்து அவரே பொருத்திக்கொண்டார். நான் சிறுமியாக இருந்தபோது ஆர்கெஸ்ட்ரா வேனில் என்னையும் ஏற்றிக்கொள்வார். தொண்டாமுத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. இருட்டத் தொடங்கும் வேளையில் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் யானைகள் இறங்கிவிட்டன என்று ஆள் ஓடிவந்தான். விளக்கையும் மைக்கையும் அணைத்தார்கள். மாப்பிள்ளை, பொண்ணு, சமையல்காரர்கள் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க, மின்சாரம் இல்லாத அந்தக் கிட்டாரை அப்பா மெல்ல வாசித்துக்கொண்டிருந்தார். ஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டி இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் கொசுவின் சத்தத்துக்குமேல் வராது. மடியோடு ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்டது.

கிட்டாரைப் பற்றி அவர் கூப்பிட்டுப் பேசியபோது, அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. இடது கை விரல்கள் மட்டும் சேர்ந்தே அசைந்தன. கட்டைவிரல் தவிர மற்றவை தனித்தனியாக அசைய மறுத்தன. பக்கவாத நோயாளிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. எது திரும்பும், எது திரும்பாது என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். ஆகவே "கிட்டாரைக் குடுத்துபோட்டு" என்ற பாதி வாக்கியம்தான் என் காதில் விழுந்தது. அப்பா கைவிட்டுவிட்டார் என்று முடிவுசெய்து, அதைத் தள்ளிப்போடத்தான் பாத்துக்கலாம் என்றேன்.

ஊருக்குப் போனபின்தான் விஷயம் தெரிந்தது. நான் மறுத்ததாக எடுத்துக்கொண்ட அப்பா, தனியாகப் பேருந்து ஏறிக் காந்திபுரத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போய்வந்திருக்கிறார். அங்கே யாரோ விற்றுவிட்டுப் போன எலெக்ட்ரிக் ஹவாயன் கிட்டார் ஒன்று இருந்தது. மடியில் படுக்கவைத்து வாசிப்பது. விரலால் கம்பியை அழுத்த வேண்டியதில்லை, கைக்கு அடக்கமான ஓர் எஃகு உருளையைக் கம்பிமேல் வைத்து நகர்த்தினால் போதும். "விரலு வேண்டாம் கண்ணு. புடிக்க ஒரு கை இருந்தாப் போதும்" என்றார். அவர் எதையும் கைவிடவில்லை. வாசிப்பதற்கு வழி தேடிக்கொண்டிருந்தார்.

"நான் வாங்கித் தாரேனுங்கப்பா. பழசை எதுக்கு விக்கோணும்?" என்றேன்.

"ரெண்டும் ஊட்டுல இருந்தா அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒண்ணு போகோணும், ஒண்ணு வரோணும். என்ற கிட்டாரே எனக்கு அதை வாங்கிக் குடுக்கட்டும்."

பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு இருவரும் காந்திபுரம் போனோம். கடைக்காரர் பாலு மரியாதையான மனிதர். "வாங்கண்ணா, வாங்க. அம்மணி உங்க புள்ளைங்களா? உக்காருங்க, டீ சொல்றேன்" என்று கிட்டாரை வாங்கித் துணிமேல் படுக்கவைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்ல பீசுங்க. பிரிட்ஜ்தான் ஒரிஜினல் இல்லீங்க. இதை நான் எத்தனை மாசம் மாட்டி வெச்சிருக்கோணுமோ தெரியாது. ஹவாயனையும் ஒரு சின்ன ஆம்பையும் எடுத்துக்கங்க, எக்ஸ்சேஞ்ச். பணம் நீங்களும் தர வேண்டாம், நானும் தரலை."

எனக்குச் சுருக்கென்றது. புறப்படுமுன் மேவ்வின் கணவரிடம் கிட்டாரின் படத்தைக் காட்டியிருந்தேன். பழைய கிட்டார்கள் சேர்ப்பவர். கடைக்காரனிடம் மட்டும் போகாதே, நீயே விற்றுக்கொள் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்ன விலையில் பாலுவின் கடையில் அந்த ஹவாயன் போல நாலைந்து எடுக்கலாம். லிமரிக்கில் நானே சாப்பாட்டு மேசை, குழந்தை வண்டி எல்லாம் அப்படித்தான் விற்றேன். இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டால் முன்பின் தெரியாதவர் சொன்ன நேரத்துக்கு வாசலில் நிற்பார், பணத்தைக் கொடுத்துக் கைகுலுக்கிப் போய்விடுவார். அது எல்லா ஊருக்கும் பொதுவான வழி என்று நான் நம்பிவிட்டேன். வெளியே வந்ததும், "ஒரு வாரம் குடுங்கப்பா. நாமளே விப்போம்" என்றேன்.

"அதுக்குள்ள ஹவாயனை வேற யாராச்சும் எடுத்துட்டாங்கன்னா?"

"யாருங்கப்பா எடுக்கப் போறாங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஒரு வாரம்."

விளம்பரம் போட்ட அன்றே அழைப்புகள் வரத் தொடங்கின. எல்லோரும் இனிமையாகப் பேசினார்கள். "நாளைக்கு வாரேனுங்க அக்கா." "ஞாயித்துக்கெழம கண்டிப்பா வாரேனுங்க." நான் வீட்டைக் கூட்டி, கிட்டாரைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அம்மாவுக்குச் சிரிப்பு. "வாரேன்னா வருவாங்கன்னு அர்த்தமா அம்மணி? அங்க போயி நீ நம்மூரு பேச்சையே மறந்துபோட்டே" என்றாள். ஒருவர் தன் பழைய செல்போனைத் தந்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். இன்னொருவர் அரைமணி நேரம் தன் கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டார். அப்பா அந்த நாட்களில் காலையும் மாலையும் ஒரு மரத்துண்டை இடது கையில் பிடித்துப் பிடித்து விடுவார். பிசியோதெரபிப் பயிற்சி என்றுதான் நினைத்தேன். அது அந்த எஃகு உருளையின் அளவுக்கு அவரே செதுக்கிக்கொண்டது.

கடைசியில் ஒருவர் வந்தார். கார்த்திகேயன், சரவணம்பட்டியில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கிட்டாரை அவர் தொட்ட விதத்திலேயே அதன் மதிப்பு தெரிந்தவர் என்று புரிந்தது. நான் கேட்ட விலைக்கு முகம் சுளிக்கவில்லை. ஒருமுறை வாசித்துக் காட்டும்படி அப்பாவைக் கேட்டார். அப்பா கையைக் காட்டியதும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். "எனக்கும் வாசிக்கத் தெரியாதுங்க ஐயா. சும்மா பொய் சொல்லக் கூடாது. புது வீட்டு ஹால்ல மாட்டலாம்னுதானுங்க."

எனக்கு முகம் மாறிவிட்டது. அந்தத் தென்னந்தோப்பு இருட்டில் கேட்ட கிட்டாரைச் சுவரில் மாட்டுவதா? அப்பாவைப் பார்த்தேன். அவர் சாதாரணமாக, "மாட்டிக்கங்க தம்பி. நானுந்தான் பீரோ மேல வெச்சிருந்தேன். செவுத்துல இருந்தா நாலு பேராச்சும் பாப்பாங்க" என்றார். கார்த்திகேயனுக்கும் ஒரே ஒரு தயக்கம், அந்தப் பித்தளை பிரிட்ஜ். தெரிந்த நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சொல்ல அடுத்த வாரம்வரை நேரம் கேட்டார். நான் சரி என்றேன்.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அப்பா சலவைச் சட்டை போட்டு, கிட்டார் பெட்டியைக் கதவோரம் வைத்துச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கார்த்திகேயன் அடுத்த வாரம் சொல்றேன்னாருங்களே."

"உன்ற ஒரு வாரம் முடிஞ்சுபோச்சு கண்ணு. நீ வாரியா, நான் மட்டும் போகட்டுமா?"

ஹவாயன் இன்னும் கடையில் இருந்தது. அப்பா முதலில் வாசித்துப் பார்க்க வேண்டும் என்றார். பாலு ஒரு ஸ்டூலைப் போட்டுக் கருவியை அவர் மடியில் வைத்தார். அப்பா இடது கையில் எஃகு உருளையை வாங்கிக் கம்பிமேல் வைத்தார். வலது கையால் மீட்டினார். ஒரு சுரம் வந்தது. நகர்த்த முயன்றபோது உருளை நழுவித் தரையில் விழுந்து கண்ணாடி அலமாரிக்கு அடியில் ஓடியது. பாலு குனிந்து எடுத்துத் தந்தார். மறுபடியும் விழுந்தது. எஃகு, மரத்துண்டு போல இல்லை, கனம், வழவழப்பு. அந்தக் கை இனித் திரும்பாது என்றுதான் என் தொழில் எனக்குச் சொல்லியிருந்தது. வீட்டுக்குப் போகலாமுங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த கருவியைத் தூக்கி, அதன் தலை வலப்பக்கம் வரும்படி திருப்பி வைத்தார். உருளையை நல்ல கைக்கு மாற்றினார். இடது கைக் கட்டைவிரலால் கம்பியைத் தட்டினார். அந்த ஒரு விரல்தான் அவர் சொன்னபடி கேட்கும். சத்தம் வந்தது. வலது கை நகர்ந்தது. சத்தமும் கூடவே ஏறியது. "கம்பியெல்லாம் இப்ப தலைகீழா இருக்குதுங்களேண்ணா" என்ற பாலு, ஆறு கம்பிகளையும் கழற்றி வரிசையைத் திருப்பிப் போட உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் இருவர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் எழவில்லை.

அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தது. கார்த்திகேயன். "நண்பர் பரவால்லைன்னுட்டாருங்க. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன். சாயங்காலம் பணத்தோட வாரேனுங்க." இவர் வருவார், எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். கம்பி மாட்டிக்கொண்டிருந்த பாலுவின் கை நின்றது. "நல்ல விலைங்க அம்மணி. அவருக்கே குடுங்க. இதை நான் எடுத்து வெக்கறேன், பணம் வந்ததும் வந்து எடுத்துக்கங்க" என்றார். நியாயமான மனிதர் அப்படித்தான் சொல்வார். கணக்குப்படி அதுதான் சரி. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"வெறுங்கையோட நான் ஊட்டுக்குப் போகமாட்டேன்" என்றார் அப்பா. குரல் உயரவில்லை. "ஒரு வருசம் வெறுங்கையோட இருந்தாச்சு."

நான் தொலைபேசியைக் காதில் வைத்து, "மன்னிச்சுக்கங்க கார்த்திகேயன், கிட்டாரைக் கடையில குடுத்துட்டோமுங்க. காந்திபுரத்துலதான் இருக்கும், வேணும்னா அங்க வந்து பேசிக்கங்க" என்றேன். பெட்டியை பாலுவின் பக்கம் தள்ளினேன். அப்பா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பித்தளை பிரிட்ஜை ஞாபகத்துக்குக் கழற்றித் தரவா என்று பாலு கேட்டார். "அது இல்லாம அது எப்படீங்க பாடும்? அங்கயே இருக்கட்டும்" என்ற அப்பா, பாலு மாட்டி முடித்த கடைசிக் கம்பியைத் தட்டிப் பார்த்தார். சுருதி சேரவில்லை. "கொஞ்சம் ஏத்துங்க" என்றார். திரும்பும்போது பேருந்தில் புதிய கருவியை என்னிடம் தரமாட்டேன் என்று துடியலூர் தாண்டும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா காணொளியில் கூப்பிடுகிறார். தொலைபேசியைச் சமையலறை அலமாரியில் சாய்த்துவைத்துவிட்டு நான் வேலை பார்ப்பேன். அவர் வாசிப்பார். ஆரம்பத்தில் பூனை கத்துவதுபோல இருந்தது. இப்போது பூசையில் பாடும் பாட்டுகளில் ஒன்றிரண்டு அடையாளம் தெரிகிறது. கட்டைவிரல் பின்தங்கும், வலது கை காத்திருக்கும், பிறகு இரண்டும் சேர்ந்து போகும். அங்கே அவருடைய தொலைபேசியை ஆம்போடு இணைத்திருப்பதால் என் வீட்டுச் சத்தமெல்லாம் பெரியநாயக்கன்பாளையத்தில் முழங்குகிறதாம்.

போன வாரம் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது இங்கே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் சமையலறையின் பின்பாதிக்குக் கண்ணாடிக் கூரை; மழை பெய்தால் கூழாங்கல் கொட்டுவதுபோலக் கேட்கும். திரையின் ஓரத்தில் அம்மா அவசரமாகக் குறுக்கே ஓடுவது தெரிந்தது. அப்பா வாசிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து இறங்கிவந்த அம்மா, தோள் நிறைய மொறுமொறுவென்று காய்ந்த துணிகளோடு திரைக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "ஏனுங்க, மழை எங்கீங்க பெய்யுது?" என்று அப்பாவைக் கேட்டாள்.

எங்கள் பின்தோட்டத்துக் கொடியில் என் துணிகள் நனைந்துகொண்டிருந்தன. நான் எடுக்கப் போகவில்லை; அப்பா இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.