மாமியார் வேஷக்காரி மருமகள் தேடிய கதை

"நடிக்கிறது லேசு தங்கச்சி, நடிச்சு முடிச்சிட்டு பஸ்ஸுல வீட்டுக்குப் போறதுதான் கஷ்டம்" என்று எனக்கு முதலில் சொன்னது ராஜம் அக்கா. இருபத்தைந்து வருஷம் இருக்கும். கண்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பின்னால், குழாயடியில் நின்று இரண்டு பேரும் தேங்காய் எண்ணெய் போட்டு முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்கள் நாடகக் குழுவில் ராணி வேஷம் போடுகிறவர். ராணிக்கே கஷ்டமென்றால் சிரிப்பு வேஷக்காரிக்கு என்ன ஆகும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பிள்ளைகளை ஆளாக்கி, வரன் தேடி நாலு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிய தாய்மாருக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், குறையாக நினைக்க மாட்டேன்.

குளிரில் கிடந்த பிணம்

உண்மையில் நான் சிரிப்பு வேஷத்துக்குப் போனவளே இல்லை. அழுகிற அம்மா வேஷத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கலஹா பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா, மழை விட்ட பின்னேரம். மேடையில் என் மகன் செத்துக் கிடக்கிறான், நான் விழுந்து அழ வேண்டும். மகனாக நடித்தவர் மேல்சட்டை இல்லாமல் சீமெந்துத் தரையில் கிடந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒப்பாரியை ஆரம்பித்துக் கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரி இருக்கிறது, விரலெல்லாம் நடுங்குகிறது. நானும் அப்போது இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குத் தாய். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என் சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்தி, கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, "குளிருதா ராசா?" என்று கேட்டுவிட்டேன். அவரும் கண்ணைத் திறக்காமலே, "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டார்.

சனம் சிரித்த சிரிப்பில் அடுத்த காட்சிக்காரர்கள் மேடைக்கு வரவே பயந்தார்கள். நாடகம் எழுதிய மாஸ்டர் திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் போய் அழுது மன்னிப்புக் கேட்டேன். தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "இனிமே உங்களுக்கு அழுகை வேஷம் கிடையாது. நீங்க நெஜமா அழுறப்பகூட எனக்குச் சிரிப்புத்தான் வருது."

சேலைக்குள் இருந்த மைக்

டிவி நாடகத்துக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதில் எனக்குப் பூரணம் என்ற மாமியார் வேஷம். முந்தானையில் அலுமாரிச் சாவி, வாயில் வெற்றிலை. மருமகள் தேத்தண்ணி கொண்டுவந்தால் கோப்பையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து, மூக்கை ஒரு பக்கமாகச் சுளித்து, "இது தேத்தண்ணியா, துணி அலசின தண்ணியா?" என்று கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தரமாவது இந்த வசனம் வரும். இப்போது என் சொந்தப் பெயர் செல்வராணி என்பது என் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நீளமான வசனத்தைத் தாளில் பார்த்தால் தலை சுற்றும். அதனால் என் மகன் தினேஷ்தான், பல்லேகலயில் வேலை முடிந்து வந்ததும், நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் ரொட்டி தட்டுகிற நேரம் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவான். மருமகளின் வசனமும் அவனுடையதுதான். "மன்னிச்சுக்குங்க அத்தை" என்று மீசை வைத்த பிள்ளை தலை குனிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் அப்பா அந்த நேரம் குசினிப் பக்கமே வரமாட்டார்.

நாடகத்தில் மருமகளாக வருகிற தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல பிள்ளை. ஒரு நாள் அவள் ஆக்கிய சோற்றைப் பானையோடு தள்ளிவிட்டு நான் ஏச வேண்டிய காட்சி. அதைப் பதினொரு தரம் எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் "கட்" என்றதும் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி, "முருகா, யாரோ பெத்த பிள்ளை. வாயில வந்தது மனசுல இல்லப்பா, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துவிட்டு வருவேன். சேலைக்குள் குத்தி வைத்த மைக் எனக்கு ஞாபகமே இல்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, சத்தம் பதிகிற சிங்களத் தம்பி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "அக்கே, நீங்க ஏசுறது நல்லா கேக்குது. சாமிகிட்ட பேசுறது அத விட நல்லா கேக்குது, அதையும் நாடகத்துல போடுவமா?"

உம்மாவுக்கு ஒரு உதவி

கண்ட இடத்தில் ஏச்சு வாங்குவது இந்த வேலையில் சேர்ந்தது. மார்க்கெட்டில் ஒரு அம்மா கத்தரிக்காயைத் தராசில் வைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ண ஏன் இப்படிப் போட்டு வதைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, கத்தரிக்காயைத் திரும்பக் கூடையிலேயே கொட்டிவிட்டார். அடுத்த கடைக்குப் போனேன். அங்கேயும் டிவி பார்க்கிறவர்கள்தானே, எனக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. அன்றைக்கு வீட்டில் பருப்பு மட்டும்தான்.

ஒரே ஒருவர் மட்டும் வேறு மாதிரி. அலவத்துகொடயில் ஒரு துணிக்கடையில் வயதான முஸ்லிம் உம்மா ஒருவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் கதிரையில் உட்கார வைத்து, சோடா வரவழைத்துக் கொடுத்தார். அடடா, நம்மையும் மதிக்கிறார்களே என்று மனசு குளிர்ந்து போனது. பாதி சோடா குடித்திருப்பேன். உம்மா என் காதுக்குக் கிட்டே குனிந்தார்: "எண்ட ஊட்டுலயும் ஒரு மருமகள் ஈக்கிறா. எனக்கு வாய்ல ஒன்னும் வருதில்ல, நீங்க ஏசுறதுல நல்லதா ரெண்டு எழுதித் தாங்களேன்."

மூக்கு செய்த வேலை

இனித்தான் சிரிக்க முடியாத பகுதி. மகள் கலாவை மாத்தளையில் கட்டிக் கொடுத்துவிட்டோம், அவள் நன்றாக இருக்கிறாள். தினேஷுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் ஒன்றும் அமையவில்லை. வேலை இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை, ஜாதகம் பொருந்துகிறது. "பையனோட அம்மா யாரு?" என்ற கேள்வி வந்ததும் இரண்டு வீட்டார் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பிழை அவனிடம் இல்லை, என்னிடம் என்று எனக்குத் தெரியும். செவ்வாய், வெள்ளி விரதமிருந்து முருகனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். என் வேஷத்துக்கு என் பிள்ளை தண்டனை அனுபவிக்கக் கூடாது.

மூன்றாவதாகக் குண்டசாலைப் பக்கம் ஒரு வீட்டில் வரச் சொன்னார்கள். படத்தைப் பார்த்ததிலிருந்து தினேஷுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது. காலையிலிருந்து ஒரே சட்டையை இரண்டு தரம் அயர்ன் பண்ணினான். போய் உட்கார்ந்தோம். ஜன்னல் முழுக்க அக்கம்பக்கத்துப் பெண்கள், என்னைப் பார்க்க வந்தவர்கள். பிள்ளை தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து எனக்குத்தான் முதலில் நீட்டியது. கோப்பையை எடுத்தேன். ஆறு வருஷமாகக் கோப்பை கைக்கு வந்தால் கை எங்கே போகும்? நேரே மூக்குக்குப் போனது. மூக்கும் அதன் பாட்டில் ஒரு பக்கம் சுளித்தது.

ஜன்னலில் நின்ற ஒருத்தி, "இது தேத்தண்ணியா…" என்று ஆரம்பித்தாள், பக்கத்தில் நின்றவள் அவள் வாயைப் பொத்தினாள். அந்தப் பிள்ளையின் கண் நிறைந்துவிட்டது. அது உண்மையில் அருமையான தேத்தண்ணி. "நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்று நானும் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தால் பாராட்டும் குத்திக்காட்டுவது போலத்தான் கேட்கிறது. மறுநாள் கல்யாணப் புரோக்கர் போன் எடுத்துச் சொன்னார்: "பையன் தங்கம்னுதான் சொல்றாங்க அம்மா. ஆனா மாமியாரோட மூக்குக்கு எங்க பிள்ளை தாங்காதுன்னு பொண்ணோட அம்மா சொல்லச் சொன்னாங்க."

பூரணத்தைத் திருத்தப் போனேன்

அன்றைக்கும் தினேஷ் வழக்கம்போலக் குசினியில் வந்து நின்று வசனம் வாசித்தான். "மன்னிச்சுக்குங்க அத்தை" என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டான். தாளை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய்விட்டான். ரொட்டி கருகியதைக்கூட நான் பார்க்கவில்லை.

அடுத்த ஷூட்டிங் அன்று டைரக்டரிடம் போனேன். "தம்பி, இந்தப் பூரணத்தைக் கொஞ்சம் நல்லவளா ஆக்கிடுங்க. ஒரு வருத்தம் வந்து படுத்து, திருந்தி, மருமகள மகளா வச்சுக்கிற மாதிரி" என்றேன். காரணத்தையும் மறைக்கவில்லை. அவர் நல்ல மனுஷன், முழுவதும் கேட்டார். பிறகு லைட் பிடிக்கிறவர், மேக்கப் போடுகிற பிள்ளை, வேன் ஓட்டுகிறவர், தேத்தண்ணி ஊற்றுகிற அம்மா என்று ஒவ்வொருவராகக் கண்ணால் காட்டினார். எல்லாருமே என்னை அம்மா, அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். "நீங்க திருந்தின அன்னைக்கு நாடகம் முடிஞ்சிரும் அக்கா. அதுக்கப்புறம் நாங்க எல்லாரும் வேற வேலை தேடணும்."

கலஹாவில் கேட்ட வார்த்தை

நாலாவது வீடு கலஹாவில். பிள்ளை பெயர் நித்யா, முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அப்பா சண்முகம் ஐயா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கறாரான மனுஷன். இந்த முறை நான் முன்னெச்சரிக்கையாக இரண்டு கையையும் மடியில் கோர்த்து வைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் குடிக்க வேண்டாம், விரதம் என்றேன். நல்லவேளை அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பொய்யில்லை.

சண்முகம் ஐயா சுற்றி வளைக்கவில்லை. "பையனப் பத்தி விசாரிச்சிட்டேன், எனக்குத் திருப்தி. ஒரே ஒரு விஷயம். இந்த நடிப்ப நீங்க விட்டுடணும். விட்டுட்டா அடுத்த மாசமே நாள் பார்க்கலாம்" என்றார். லைட் பிடிக்கிறவரும் வேன்காரரும் என் கண் முன்னால் வந்தார்கள். பக்கத்தில் தினேஷ் உட்கார்ந்திருந்தான். கருகிய அந்த ரொட்டி ஞாபகம் வந்தது. "சரிங்க ஐயா, விட்டுடுறேன்" என்றேன். மேடையேறிய இந்த இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு சின்ன வசனம் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. "வேணாம்மா" என்று தினேஷ் என் கையைப் பிடித்தான். "ஐயா, அம்மாவ விடச் சொல்லி எனக்கு ஒரு கல்யாணம் வேணாம். நாங்க வர்றோம்" என்று எழுந்தே விட்டான். என் வீட்டுக்காரரும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

அப்போதுதான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற நித்யா வெளியே வந்தாள். வெட்கமும் இல்லை, துடுக்கும் இல்லை, முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாக அப்பாவிடம் சொன்னாள்: "அவங்கள நிப்பாட்டச் சொல்லாதீங்கப்பா. ஏசுறதையெல்லாம் வெளிய ஏசி முடிச்சிட்டு வீட்டுக்கு வரட்டும். இப்ப நிப்பாட்டினா மிச்சம் பூரா எனக்குத்தானே வரும்?"

கோயிலில் நடப்பது

வைகாசியில் கல்யாணம் நடந்தது. முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன். இப்போது குசினியில் எனக்கு வசனம் வாசிப்பது நித்யாதான். தினேஷுக்கு விடுதலை. "அத்தை, இந்தக் கோபம் காணாது, இன்னும் கொஞ்சம் ஏசுங்க" என்று திருத்தியும் விடுகிறாள். மாஸ்டர் காலத்திலிருந்து இவ்வளவு கண்டிப்பான ஆளை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சேர்ந்துதான் போகிறோம். போனால் அங்கே பெண்களெல்லாம் அவளை மட்டும் தூண் பக்கமாக ஒதுக்கிக் கொண்டுபோய், "ஒழுங்கா சாப்பாடு தர்றாங்களா கண்ணு?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். இந்தப் பிள்ளை இல்லையென்றும் சொல்லாமல், ஆமென்றும் சொல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு ஒரு பெருமூச்சு விடுகிறாளே, அதைப் பார்த்தபோதுதான் நடிப்பில் நான் இன்னும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று தெரிந்தது. அந்தப் பெருமூச்சுக்கு அவர்கள் அவள் கையில் கொடுப்பது இரண்டு வடை, ஒரு தொன்னைப் பொங்கல் புக்கை, ஒரு சீப்பு வாழைப்பழம். போன வாரம் அவள் அத்தனையையும் மடியில் வைத்துத் தின்றுகொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க நல்லா ஏசுறவரைக்கும் எனக்குக் குறை இல்ல அத்தை."

ஊரைச் சிரிக்க வைத்து நான் சம்பாதித்த பெயரில் என் மருமகள்தான் வயிறாரச் சாப்பிடுகிறாள் என்பதால், அடுத்த வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு "சாப்பிட்டியா?" என்று கேட்கிறவர்கள், பக்கத்தில் விரதத்தோடு நிற்கிற என்னையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.