ஹேரத் வீட்டு றெக்கோட் பிளேயர்

மூடியை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கிழிந்த பெனியன் துணியை ஸ்பிரிட்டில் தோய்த்து, உள்ளே குறுக்காக ஓடும் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார் மகேந்திரராசா. பழைய கிறீஸ் இறுகிப் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. மற்ற றெக்கோட் பிளேயர்களில் ஊசி பிடிக்கும் கை ஒரு மூலையில் நின்று கதவு போலத் திரும்பும். இதில் கை மூடிக்குள்ளேயே இருந்தது. கம்பியில் ஏறி, தட்டின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நேர்கோட்டில் நகரும். கம்பியில் அழுக்குப் பிடித்தால் பாதிப் பாட்டில் நின்றுவிடும். கட்டுகஸ்தோட்டை ஈரத்துக்கு, கையை இழுக்கும் றப்பர் பட்டியும் தொய்ந்துபோகும். ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் ஸ்குரூ டிரைவரையும் தையல் மெஷின் எண்ணெயையும் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

பிளேயர் அவருடையது. இருந்தது ஹேரத் வீட்டு முன்னறையில்.

நீர்வழங்கல் கந்தோரில் படம் வரைபவர் அவர். சாவகச்சேரியிலிருந்து இளவயதில் வந்து, சிங்களச் சோதினை பாஸ் பண்ணி, அப்படியே கண்டியில் தங்கிவிட்டவர். சம்பளமில்லாத லீவில் இரண்டு வருடம் மஸ்கட்டுக்குப் போய் வெயிலில் காய்ந்து திரும்பியபோது கொண்டுவந்த ஒரேயொரு ஆடம்பரம் அந்த பிளேயர். அடுத்த வருடம் எண்பத்து மூன்று, கலவர வருடம்.

மேல் ஒழுங்கையில் புகை கிளம்பியதும் ஹேரத்தான் பின்மதிலில் ஏணி சாத்திக் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், சிங்களவர். மகேந்திரராசாவின் மனைவி பத்மாதேவி, கூறைச்சேலையும் கலியாணப் படங்களும் இருந்த டிரங்குப்பெட்டியைக் காட்டி, "அதைத் தூக்கிக்கொண்டு வாங்கோ" என்றுவிட்டு முதலில் ஏறினார். மகேந்திரராசா பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கைக்குக் கிட்ட இருந்தது அதுதான் என்று பிறகு ஒருநாள் சொன்னார். கிட்ட இருந்தது டிரங்குப்பெட்டி.

வீடு எரிந்தது. வந்தவர்களிடம் ஹேரத் கேற்றடியில் நின்று, இங்கே தமிழர் யாரும் இல்லையென்று தன் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து பத்மாதேவி அதைக் கேட்டார். அந்தச் சத்தியத்தை அவர் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை.

சில மாதம் ஊரில் இருந்துவிட்டு வேலைக்காகத் திரும்பி வந்தபோது, பிளேயர் ஹேரத்தின் முன்னறையில் பின்னல் துணி போர்த்தி இருந்தது. "பத்திரமாக இருக்கிறது, மல்லி" என்றார் ஹேரத். தம்பி முறையில் அப்படித்தான் கூப்பிடுவார். தன் வீட்டுக்குக் கூரை போட்ட பிறகு எடுக்கலாம் என்று மகேந்திரராசா நினைத்தார். கூரை போட்டு முடிந்தபோது ஹேரத் இசைத்தட்டுகள் வாங்கிவிட்டிருந்தார்.

விருந்தாளிகள் வரும் நாட்களில்தான் பிளேயர் அதிகம் பழுதாகும். "இவர்தான் நான் சொன்ன ராசா மல்லி. இந்த மெஷினும் இவரும் ஒரே ஏணியால் ஏறி வந்தவர்கள்." எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்குரூ டிரைவரும் கையுமாக அவர் சிரிப்பார்.

மதிலுக்கு மேலால் ஹேரத்தின் குரல் கேட்டால் பத்மாதேவி, "போங்கோ, உங்கட மூத்த மகனுக்குச் சுகமில்லையாம்" என்பார். பிள்ளையில்லாத வீடு அவர்களுடையது. மகேந்திரராசா ரின்னை எடுப்பார்.

பட்டி வாங்குவது அக்குறணையில் றேடியோ திருத்தும் ஜவாஹிரிடம். "சேர், உங்கட மெஷினுக்கு நான் தந்த பட்டியெல்லாம் கோத்துக் கட்டினா கொழும்பு வரைக்கும் எட்டும். வித்துப்போட்டு ஒரு கெசட் செட் எடுங்களேன்."

"விக்க மனமில்லை" என்பார் மகேந்திரராசா. கட்டுகஸ்தோட்டையிலும் பட்டி கிடைக்கும். ஆனால் ஜவாஹிரின் கடையில்தான் அது இன்னும் அவருடையதாக இருந்தது.

தொண்ணூற்றெட்டுத் தையில், கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு, கந்தோரிலிருந்து வரும் வழியில் அடையாள அட்டையில் ஊரைப் பார்த்து அவரையும் பொலிஸ் லொறியில் ஏற்றினார்கள். ஹேரத் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போய், இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்துக் கூட்டிவந்தார். வரும்போது பஸ்ஸில், பட்டி மறுபடியும் வழுக்குகிறது என்றார்.

அந்த வருடமே ஹேரத்தின் மகளுக்குக் குருநாகலில் கலியாணம் சரிவந்தது. "மகளோடு இதையும் அனுப்பப்போகிறோம், மல்லி. கடைசியாக ஒரு சேவிஸ் பண்ணி, லொறியில் ஆடாமல் கட்டித் தர வேண்டும்."

மத்தியானச் சாப்பாட்டில் அதைச் சொன்னதும் பத்மாதேவி அகப்பையைக் கீழே வைத்தார்.

"இப்ப கேக்காட்டி இனி எப்ப கேக்கிறது?"

"என்னெண்டு கேக்கிறது, பத்மா? உயிரைக் காப்பாத்தின மனிசன்."

"அதுக்கு நான் சாகுமட்டும் கும்பிடுவன். உயிர் வேற, சாமான் வேற."

"அவருக்கு அப்பிடியில்லை. நாளைக்குத் திரும்பவும் என்னை ஏத்தினா ஆர் வருவினம்?"

"என்ர பெட்டியை விட்டிட்டு நீங்கள் தூக்கினது அது. அந்த வீட்டிலயிருந்து மிஞ்சினதும் அதுதான். அதில எனக்கும் பங்கிருக்கு."

அவர் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கம்பியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, புதுப்பட்டி போட்டு, ஒரு தட்டை ஓடவிட்டுப் பார்த்தார். கை எங்கும் நிற்காமல் நடுவுக்குப் போய் உயர்ந்து திரும்பி வந்தது. ஹேரத் தலையை ஆட்டி ரசித்தார். அப்போதுதான் பத்மாதேவி வெளியே போகிற சேலையில் முன்கதவால் வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது அபூர்வம். "வாருங்கள் நங்கி" என்று தங்கை முறையில் அழைத்து, ஹேரத் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

அவர் இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது மரக்கறி வாங்குகிற சிங்களம். பூசணிக்காய் கேட்பது போலத்தான் அதுவும் வந்தது. "மஹத்தயா, இது எங்களுடையது. எங்களுக்கு வேண்டும்."

ஹேரத் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "மல்லி இதை எனக்குத் தந்துவிட்டார் என்றல்லவா நான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன்? எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன்." மகேந்திரராசாவின் பக்கம் திரும்பினார். "இல்லையென்றால் சொல்லுங்கள் மல்லி. இப்போதே கொண்டுபோங்கள்."

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மகேந்திரராசா, சோதினை பாஸ் பண்ணிய பிசகில்லாத சிங்களத்தில், "நான் தந்ததுதான், ஐயா. இவவுக்குத் தெரியாது" என்றார்.

"அதுதானே" என்றார் ஹேரத். முகம் தெளிந்து, தேத்தண்ணி போடச் சொல்ல உள்ளே போனார்.

பத்மாதேவி பிளேயரின் மற்றப் பக்கமாக வந்து நின்றார். "எப்ப குடுத்தனீங்கள்?"

அவர் லொறியில் பிளேயரின் கை அசையாமல் இருக்க அதன்மேல் ஒட்டுவதற்கு, செலோடேப்பின் நுனியை நகத்தால் தேடிக்கொண்டிருந்தார்.

"எப்ப எண்டு சொல்லுங்கோ. இவ்வளவு காலமும் பக்கத்தில இருந்தனான், எனக்குத் தெரிய வேணுமெல்லே."

நுனி கிடைத்தது. அவர் கையைக் கம்பியோடு சேர்த்து ஒட்டினார். அதன் மேல் இன்னொரு துண்டு ஒட்டினார். மூடியைச் சாத்தி, அது அசைகிறதா என்று குனிந்து பார்த்தார். அவர் நிமிர்வாரென்று பத்மாதேவி நின்று பார்த்தார். அவர் நிமிரவில்லை. சேலைத் தலைப்பைத் தோளில் சரிசெய்துகொண்டு, வந்த கதவாலேயே அவர் வெளியே போனார்.