தோற்பான் என்று சொன்னவர்

லிஃப்ட் பழுதுபார்க்கிறவரிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "எப்பங்க சரியாகும்?" வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். "இதோ ஆச்சுங்க." அந்த 'இதோ' சில நாள் அரை மணி நேரம், சில நாள் அடுத்த வாரம். கண்ணெதிரே தொங்குகிற லிஃப்ட் எப்போது நகரும் என்று சொல்லத் தெரியாத மனிதர், கடல் தாண்டி எங்கோ இரண்டு நாடுகள் டென்னிஸ் ஆடினால் எது ஜெயிக்கும் என்பதை மட்டும் புட்டுப்புட்டு வைப்பார். அதுவும் மொட்டையாக அல்ல. "இரட்டையர் ஆட்டத்துல விட்டுடுவாங்க, கடைசி நாள் அந்தக் குட்டைப் பையன் காப்பாத்திடுவான்" என்பார். அப்படியே நடக்கும். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இந்த வித்தை அவருக்கு வந்த கதையே ஒரு கூத்து. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைத்த மனிதர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. மாவுக்கட்டோடு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கூட வேலை பார்ப்பவர்கள் மூச்சு வாங்கத் தூக்கிவந்து சோபாவில் போட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது சிரித்த சிரிப்பு கீழ்மாடி வரை கேட்டது.

அந்த வாரம் பார்த்துத்தானா டிவி ரிமோட் தண்ணீர் வாளிக்குள் விழ வேண்டும்? டிவி ஒரே சேனலில் நின்றுவிட்டது. அதில் விடிந்தால் போதும், டென்னிஸ். நாட்டுக்கு நாடு ஆண்கள் அணியாகச் சேர்ந்து மோதுகிற போட்டி. "ஒரு ரிமோட் வாங்கிட்டு வாயேன்" என்று மனைவியிடம் கெஞ்சினார். "எழுந்து நடமாடுறப்ப நீங்களே வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அவள் கோபத்தை அந்த மிஷின் ஓடுகிற வேகத்தை வைத்தே சொல்லிவிடலாம், முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அவளுடைய தம்பியும் அப்போது அங்கேதான் இருந்தான். அம்மா போனபிறகு அவனுக்கு அக்காதான் தாய்க்குத் தாய். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக் கடாசிவிட்டு சோபாவின் மறுமுனையில் வந்து உட்காருவான். மாமாவுக்கும் மச்சினனுக்கும் ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. பார்க்கப் பார்க்கப் புரிந்தது. ஐந்து ஆட்டம், அதில் மூன்றை ஜெயிக்கிற நாடு ஜெயித்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஐந்து செட், அதிலும் மூன்றை எடுப்பவனுக்குத்தான் ஆட்டம். மற்ற டென்னிஸில் ஆடுகிறவன் களத்தில் தன்னந்தனி ஆள். இதில் மட்டும் பக்கத்து நாற்காலியில் அணியின் கேப்டன் உட்கார்ந்து, இடைவேளைக்கு இடைவேளை காதில் ஓதுவார்.

அவர் பார்த்த விதமே வேறு. யார் பெரிய ஆள், யார் வேகமாக அடிக்கிறான் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. லிஃப்டில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் கயிறு அறுந்துவிடுமோ என்றுதான் பயம். அவர் பார்த்த காலத்தில் ஒரு கயிறும் அறுந்ததில்லை. கெடுவது கதவு. நாளெல்லாம் திறந்து மூடுகிற, யாரும் கண்டுகொள்ளாத கதவு. அதனால் ஒரு ஆட்டக்காரனைப் பார்த்ததும் அவர் மனசுக்குள் எழும் கேள்வி, இவனிடம் எது முதலில் விட்டுக்கொடுக்கும் என்பதுதான். பெரும்பாலும் அது இரண்டாவது சர்வீஸ். முதல் சர்வீஸ் வலையில் விழுந்துவிட்டால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் போனால் புள்ளி எதிராளிக்கு. அந்த இரண்டாவது பந்தைப் போடும்போது மணிக்கட்டில் பயம் ஏறுகிறதா என்று பார்ப்பார். அப்புறம் கேப்டன் பேசும்போது முகத்தைப் பார்ப்பார். "சும்மா தலையைத் தலையை ஆட்டுறான் பாரு, அவன் காதுல ஒண்ணும் ஏறல" என்பார். முதல் முதலாக அவர் சொன்ன முடிவே டிவியில் பேசிய பெரிய தலைகள் அத்தனை பேரும் சொன்னதற்கு நேர் எதிராக இருந்தது. பலித்தபோது மச்சினன் சோபாவின் மேலேறிக் குதித்தான். இவருக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

கால் சரியானது, புது ரிமோட்டும் வந்தது. சேனலைத்தான் யாரும் மாற்றவில்லை. வேலையிடத்தில் 'ஜோசியர்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அந்தப் பேரைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பந்தயம் கட்ட வருகிறவனிடம் வாயையே திறக்க மாட்டார். மற்றபடி எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் நின்றாலும், "இந்த வாரம் யாருங்க?" என்று ஒரு தலை எட்டிப்பார்க்கும்.

மனைவி மட்டும் இதை வேறு கண்ணோடு பார்த்தாள். அவர் நடக்கப்போவதைச் சொல்லவில்லை, அவர் சொல்வதால்தான் நடக்கிறது என்பது அவள் கட்சி. "இவர் வாய்ல விழுந்துடாதீங்க, கருநாக்கு" என்று அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரிப்புக்கு அடியில் அவள் அதை நம்பினாள்.

சோபாவில் குதித்த தம்பி பிறகு மட்டையை எடுத்து, கார் நிறுத்துமிடச் சுவரில் அடித்து அடித்து, எப்படியோ நாட்டு அணிக்குள்ளேயே போய்விட்டான். போய் என்ன? நாலாவது ஆள். மற்றவர்கள் ஆட, இவன் துண்டு எடுத்துக் கொடுத்தான், பயிற்சிக்குப் பந்து போட்டான், பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டினான். முப்பது வயது தாண்டியும் அப்படித்தான். "எங்க தம்பி நாட்டுக்காக ஆடுறான்" என்று அக்கா சொல்வாள். "உக்கார்றான்" என்று இவர் திருத்துவார். மிஷின் வேகமெடுக்கும்.

அந்த வருஷம் பெரிய நாடு ஒன்றோடு மோதல். ஆட்டம் இவர்கள் ஊர் மைதானத்திலேயே. சனிக்கிழமை முடிவில் ஆளுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. அதில் ஆடவேண்டியவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, மூன்றாமவனுக்குக் காய்ச்சல். காலையில் செய்தி வந்தது: கடைசி ஆட்டத்தில் மச்சினன் இறங்குகிறான். எதிரே உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவன்.

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"ஜெயிப்பான்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை. வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"நான் சொல்றதால நடக்கல. நடக்கப்போறதைத்தான் சொல்றேன். எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்க சொல்லி எது நடக்காம இருந்திருக்கு? ஊரு உலகத்துக்கெல்லாம் சொன்னீங்கல்ல, என் தம்பிக்குச் சொல்லக்கூடாதா?"

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அவருக்கு அந்த ஆட்டத்தின் முடிவு தெரியும். மச்சினனின் இரண்டாவது சர்வீஸை சின்ன வயதிலிருந்து பார்க்கிறார். முதல் பந்து போய்விட்டால் போதும், அடுத்ததைப் பூப்போல வைப்பான். உள்ளே விழுந்தால் சரி என்கிற பயம். எதிரே நிற்பவன் அந்தப் பூவுக்காகவே காத்திருப்பவன். உண்மையைச் சொன்னால், தோல்விக்குத் தன் நாக்குதான் காரணம் என்று இவள் ஆயுசுக்கும் நினைப்பாள். பொய் சொல்லவோ அவருக்கு வராது.

அப்போது போன் அடித்தது. மச்சினன்தான். மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மாமா, சொல்லுங்க."

"மாப்ள, சாப்பிட்டியா?"

"பேச்சை மாத்தாதீங்க மாமா. பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். ஒரே சோபால உக்காந்து வளர்ந்தவன் நான்."

மனைவி கரண்டியை நீட்டியபடி கண்ணாலேயே மிரட்டினாள். கெஞ்சினாள் என்றும் சொல்லலாம். அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"தோத்துடுவ மாப்ள. மூணு செட்டுல முடிஞ்சுடும். ரெண்டாவது சர்வீஸ்ல விட்டுடுவ."

அந்தப் பக்கம் அவன் பந்தைத் தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி மாமா. டிக்கெட் கேட்ல சொல்லி வச்சிருக்கேன், ரெண்டு பேரும் வந்துடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

மனைவி அழவில்லை. "நீங்கள்லாம் ஒரு மனுஷனா?" என்றாள். பஸ்ஸில் அவருக்கு முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். மைதானத்தில் வேறு வழியில்லை, இருக்கைகள் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் கைப்பையை வைத்தாள்.

முதல் செட் கண்மூடித் திறப்பதற்குள் போனது. இரண்டாவதும் போனது. அவர் சொன்னபடியே, சொன்ன இடத்திலேயே. முதல் பந்து வலையில், இரண்டாவது பூ, எதிராளி அதைச் சாத்துகிற சாத்தில் மச்சினன் நகரக்கூட இல்லை. தன் கணிப்பு பலிக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சின்ன குஷி வருமே, அது அன்றைக்கு வரவில்லை. பொய்யாகட்டும், என் வாக்கு பொய்யாகட்டும் என்று அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார்.

மூன்றாவது செட்டின் நடுவில் இடைவேளை. கேப்டன் குனிந்து ஏதோ சொன்னார். மச்சினன் எப்போதும் தலையாட்டுகிறவன். அக்கா திட்டினாலும் தலையாட்டுவான், மாமா கிண்டல் செய்தாலும் தலையாட்டுவான். இப்போது ஆட்டவில்லை. கேப்டனை நேராகப் பார்த்து இரண்டு வார்த்தை திருப்பிச் சொன்னான். கேப்டன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இவர் நிமிர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட். ஒரே புள்ளி, எல்லாம் முடிந்துவிடும். மச்சினனின் முதல் சர்வீஸ் வலையில் விழுந்தது. மைதானமே பெருமூச்சு விட்டது. எதிராளி இரண்டடி முன்னே வந்து நின்றான், பூவை வாங்கிக்கொள்ள. மச்சினன் பந்தை மேலே எறிந்தான். முதல் சர்வீஸை அடிப்பதுபோல, அதைவிடவும் ஓங்கி, முழு உடம்பையும் போட்டு அடித்தான். பந்து கோட்டில் பட்டுத் தெறித்துச் சுவரில் மோதியது. எதிராளி மட்டையைத் தூக்கவே இல்லை.

"ஐயையோ!" என்றார் இவர். சந்தோஷத்தில் அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது? இரண்டாவது பந்தையெல்லாம் அவன் ஓங்கியே அடித்தான். எத்தனையோ வெளியே போயின. ஒவ்வொரு தடவையும் கூட்டம் தலையில் கைவைத்தது. அவன் பூவுக்குத் திரும்பவே இல்லை. வெளியே போன பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்ததைக் கேட்டு வாங்கினான். மூன்றாவது செட் இவனுக்கு. நாலாவதும் இவனுக்கு! வெயில் சாய்ந்து மைதானத்தின் பாதி நிழலானது. அந்தப் பெரிய ஆட்டக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

பின்வரிசையில் இவரைத் தெரிந்தவன் ஒருவன் தோளைத் தட்டினான். "ஜோசியரே, இப்ப என்ன ஆகும்?"

"தெரியலப்பா" என்றார். "சத்தியமா தெரியல."

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் கண் கலங்கி, வாய் பிளந்து, கண்கொட்டாமல் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி.

ஐந்தாவது செட் முடிவேனா என்றது. மச்சினனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. நொண்டினான், காலைக் குத்தினான், மறுபடி வந்து நின்றான். கடைசியில் மறுபடியும் எதிராளிக்கு மேட்ச் பாயிண்ட். முதல் பந்து வெளியே. கூட்டத்தில் யாரோ "மெதுவாப் போடுப்பா" என்று கத்தினார்கள். அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. பந்தை எறிந்தான். அதே ஓங்கல், அதே அடி. கோட்டைத் தாண்டி விரலகலத்துக்கு வெளியே விழுந்தது.

முடிந்தது. நாடு தோற்றது. இரண்டாவது சர்வீஸில்.

மைதானம் மொத்தமும் எழுந்து நின்றது. எதிராளி வலையைத் தாண்டி வந்து மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், நெடுநேரம் விடவில்லை. எதிரணி பெஞ்சில் இருந்தவர்களும் நின்றுகொண்டு தட்டினார்கள். மனைவி அழுதுகொண்டே தட்டினாள். இவருக்குத் தட்டக்கூடக் கை எழவில்லை.

ஆட்டக்காரர்கள் வெளியேறும் வாசலில் இருவரும் காத்திருந்தார்கள். மச்சினன் தொடையில் ஐஸ் கட்டி, தோளில் பெரிய பையோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். அக்கா ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் வழித்தாள். அவன் அவள் தலைக்கு மேலாக இவரைப் பார்த்துச் சிரித்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாத்தீங்களா மாமா."

அவள் சட்டென்று திரும்பி இவர் முகத்தைப் பார்த்தாள். இவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"இல்ல மாப்ள. நான் சொன்னது வேற ஒருத்தனைப் பத்தி. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனைப் பத்தி. இன்னைக்கு ஆடினவனை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லடா."

மச்சினன் சிரிப்பு நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மூன்று பேரும் வழியை மறித்துக்கொண்டு அப்படியே நின்றார்கள்.

அவள்தான் முதலில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். "சரி, சரி. அவன் நிக்க முடியாம நிக்கிறான், நீங்க வேடிக்கை பார்க்கறீங்க. அந்தப் பையை வாங்குங்க முதல்ல."

அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.