நாலாவது பரிந்துரை

வாடிக்கையாளர்கள் அவளைப் பட்டியல் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் காதுபட அல்ல, முதுகுக்குப் பின்னால். வயது ஐம்பத்து நாலு. இருபதடிக்குப் பத்தடியில் ஒரு புத்தகக் கடை, அதற்கு மேலே ஓர் அறை, இரண்டுக்கும் நடுவே பதினேழு படி. அவளுடைய உலகம் இவ்வளவுதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். ஆனால் மறுக்க மாட்டாள்.

வியாழக்கிழமைதோறும் மதியம், கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில், அவள் கடிதம் எழுதுவாள். நாலு புத்தகங்களுக்குப் பரிந்துரை, அதற்குக் கீழே பதிப்புலகச் செய்திகள். எந்தப் பதிப்பகம் இடம் மாறியது, எந்த மொழிபெயர்ப்பு மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனது, எந்த நாவல் மறுபதிப்பில் அட்டை மாறி அலங்கோலமானது, எல்லாம் இருக்கும். முந்நூற்றுப் பத்துப் பேருக்கு மின்னஞ்சலில் போகும். ஒரு விஷயத்தில் மட்டும் மகா பிடிவாதக்காரி. கடைசிப் பக்கம்வரை படிக்காத புத்தகத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டாள். ஒரு பதிப்பாளர் நேரில் வந்து குழைந்தபோதுகூட, "இன்னும் முடிக்கல சார், இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல நிக்கிறேன்" என்று அனுப்பிவைத்தவள்.

அப்படிப்பட்டவள்தான் அந்த வாரம் பொய் எழுதினாள்.

நடந்தது இதுதான். மூன்று நாள் காய்ச்சல். மேலே அறையில் சுருண்டு கிடந்தாள், கீழே கடை பூட்டிக் கிடந்தது. வியாழனன்று தட்டுத்தடுமாறி இறங்கிவந்து திறந்தபோது, பக்கத்துக் கடைத் தையல்காரர், "என்ன மேடம், வெளியூர் போய்ட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள். காய்ச்சல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. காய்ச்சலுக்குப் போய் யாராவது வெட்கப்படுவார்களா என்று கேட்பீர்கள். காய்ச்சலுக்காக இல்லை. மூன்று நாளில் ஒருத்தர்கூட அந்தப் பதினேழு படி ஏறி வரவில்லை, அதற்காக.

மதியம் எழுத உட்கார்ந்தாள். படித்து முடித்திருந்தது மூன்று புத்தகம். மூன்றோடு நிறுத்தியிருக்கலாம், குடி ஒன்றும் முழுகிப்போயிருக்காது. ஆனால் கை நிற்கவில்லை.

'ஷட்டர் இறங்கிய பிறகு' என்று இல்லாத நாலாவது புத்தகத்துக்குத் தலைப்பு வைத்தாள். "புதியவர் ஒருவரின் முதல் நாவல். கடைக்கு மேலேயே குடியிருக்கிற ஒருத்தியின் கதை. அவள் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறதாம். மூன்று நாள் காய்ச்சலில் கிடக்கிறாள், எட்டிப் பார்க்க ஆளில்லை. அந்த மூன்று நாளில் அவள் பேசுவது இரண்டே வாக்கியம், அதுவும் யாரோ தப்பாகப் போட்ட போனில். 'ராங் நம்பருங்க' என்கிறாள். வைக்க மனசில்லாமல், 'நீங்க யாரைத் தேடுறீங்க?' என்றும் கேட்டுவிடுகிறாள். நூற்று நாற்பது பக்கம். ஒரே மூச்சில் படித்துவிடலாம்."

அனுப்பிய பிறகுதான் பகீரென்றது. பத்தொன்பது வருடக் கடிதங்களில் முதல் பொய். மறுப்பு எழுதிவிடலாமா என்று அரை மணி நேரம் தவித்தாள். எழுதவில்லை. ஏனென்றால் பயத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆசையும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. முந்நூற்றுப் பத்துப் பேரில் ஒரே ஒருத்தர் இதைப் படித்துவிட்டு, 'இது நீதானே?' என்று கேட்டுவிட மாட்டாரா? ஒருத்தர் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வந்தார்.

"அந்த நாலாவது புத்தகம் இருக்கா?"

"இன்னும் வரல சார்."

"வந்தா ஒண்ணு எடுத்து வைங்க. என் மச்சினி ஒருத்தி இப்படித்தான் தனியா இருக்கா. பாவம், அவளுக்குக் குடுக்கணும்." அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னார். அவளும் தலையாட்டிக்கொண்டே ஆர்டர் சீட்டில் குறித்துக்கொண்டாள்.

அடுத்து வங்கியில் வேலை பார்க்கும் அம்மாள். அவர்கள் வாசகர் வட்டத்துக்கு ஐந்து பிரதி வேண்டுமாம். "படிக்கும்போதே மனசு என்னமோ பண்ணுது. சீக்கிரம் வரவழைங்க" என்றார். காய்ச்சலில் இளைத்துப்போய் நின்றவளிடம், மீதிச் சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் விமர்சகர். பத்திரிகைகளில் எழுதுகிறவர், புத்தக வாசனை பிடித்தே கட்டுரை முடித்துவிடுவார் என்று பெயர். "அதை நான் கையெழுத்துப் பிரதியிலேயே படிச்சாச்சு" என்றார். "முதல் பாதி பரவாயில்ல. ரெண்டாம் பாதிதான் கொஞ்சம் தொய்வு."

அவர் வெளியே போகிறவரை அடக்கி வைத்திருந்து, பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாழ்ந்து பார்த்தவளுக்குத் தெரியாதா, இரண்டாம் பாதி தொய்வுதான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அடுத்து வந்தவருக்கு அகராதி எடுத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மாலைக்குள் பதினோரு பிரதிகளுக்கு ஆர்டர் சேர்ந்துவிட்டது. எந்த நல்ல புத்தகத்துக்கும் இரண்டு நாளில் இப்படிக் கூட்டம் வந்ததில்லை. எல்லாருக்கும் அந்தப் பெண்ணின் மேல் அத்தனை இரக்கம். அவள் எதிரே நின்றுதான் இரக்கப்பட்டார்கள், ஒருத்தருக்கும் அவளைத் தெரியவில்லை.

இனி மிச்சம் தம்பி. கடிதம் போகிற பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான். பதினோரு வயது இளையவன், விமானத்தில் போகிற தூரத்தில் மனைவி மக்களோடு இருக்கிறான். அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அவள். அவளுக்கு வரன் வந்தபோதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஒரு பரீட்சை இருந்தது. அவனுக்காவது புரியும், புரியாமல் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டு ஞாயிறு காலை போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"அக்கா, லெட்டர் படிச்சேன்" என்றான் எடுத்த எடுப்பில்.

"சொல்லுடா."

"என்னக்கா, நாலாவதா ஒரு அழுமூஞ்சிப் புத்தகத்தைப் போட்டிருக்கே? ஜனங்க சந்தோஷமா படிக்கிற மாதிரி ஏதாவது போடக் கூடாதா?"

"நல்லா இல்லையா?"

"நல்லா இல்லேன்னு இல்ல. நம்பற மாதிரி இல்ல. மூணு நாள் காய்ச்சல்ல கிடக்கறாளாம், ஒரு மனுஷன் எட்டிப் பாக்கலையாம். எங்கயாவது நடக்குமா? எழுதறவங்க சும்மா இழுத்து விடறாங்க."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன்," அவன் விடவில்லை. "அவளுக்குன்னு சொந்தம்னு யாருமே கிடையாதா அந்தக் கதையில?"

"ஒரு தம்பி இருக்கான்."

"அப்ப அவன் என்ன பண்ணிட்டிருக்கான்?"

கோபமாகச் சொல்லலாம், அழுதுகொண்டு சொல்லலாம். இரண்டும் வரவில்லை. நாவலைப் பற்றிக் கேட்கிற வாடிக்கையாளருக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"வாராவாரம் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவான்டா. பாசமா பேசுவான். அவளுக்குக் காய்ச்சல் வந்தது திங்கக்கிழமை."

அந்தப் பக்கம் டிவி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"எந்தத் திங்கக்கிழமைக்கா?" என்று கேட்டான்.