முன் சீட்டும் ராகு காலமும்

அமெரிக்காவில், பேர்லேண்டில் எங்கள் நண்பர்கள் எல்லோரும் இரண்டாவது வீடு வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில் நான் ஒரு பழைய விமானத்தில் பாதிப் பங்கு வாங்கினேன். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, வசதியானவர்கள் உல்லாசமாக ஊர் சுற்றுவதற்காகச் செய்த விமானம். என் அப்பாவைவிட மூத்தது. துணி போர்த்திய உடம்பு, இரண்டு அடுக்கு இறக்கை, கூரையில்லாத இரண்டு சீட். ஓட்டுகிறவன் பின்னால், கூட வருகிறவர் முன்னால். பேசிக்கொள்ள நடுவில் ஒரு ரப்பர் குழாய்.

கார் மாதிரி கோவிலுக்கு ஓட்டிப்போக முடியாதே. அதனால் என் மனைவியே விமானத் திடலுக்கு வந்து பூஜை போட்டாள். ப்ரொப்பெல்லருக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஏறச் சொன்னால் மட்டும் மாட்டாள்.

"முதல் தடவை நல்ல நேரத்துல போலாங்க."

சிக்கலே அங்கேதான். ஞாயிறு அவளுக்குக் கோவிலில் தமிழ் வகுப்பு. சனிக்கிழமை மூடுபனி விலக ஒன்பதாகும். பத்தரைக்கெல்லாம் காற்று கிளம்பிவிடும். அந்த நோஞ்சான் தாங்காது. அவள் தம்பி சென்னையிலிருந்து வருஷாவருஷம் அனுப்பும் காலண்டரோ சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம் என்றது. "என் மேல இருக்கிற கோபத்தை உன் தம்பி காலண்டர்ல காட்றான்" என்பேன். சிரிப்பாள். அவளை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை மேலே கூட்டிப்போக வேண்டும். எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

அப்புறம் அவளுக்குக் கேன்சர் வந்தது. சிகிச்சைக்கு நடுவே ஒரு சனிக்கிழமை அவளே சொன்னாள்.

"கிளம்புங்க. இன்னிக்கு ஃப்ளை பண்ணலாம்."

"ராகு காலம்மா."

"இனிமே எனக்கு என்ன ராகு காலம்?"

தூக்கித்தான் உட்காரவைத்தேன். கனமே இல்லை. ஆனால் மருந்து ஏற்ற அவள் மார்பில் பதித்திருந்த போர்ட்டின் மேலேயே தோள் பெல்ட் அழுத்தியது. வலியில் முகம் சுருங்கியது. பெல்ட் போடாமல் பறக்க முடியாது. புல்தரையிலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். தரையில் நிற்கும்போது அந்த விமானம் வால் தாழ்ந்து, மூக்கை நிமிர்த்தித்தான் இருக்கும். சீட்டில் புதைந்து கிடந்தவளுக்கு வானம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

குழாயில் குரல் வந்தது. "பறக்கறோமா?"

"ஆமாம்மா" என்றேன். நம்பினாளா, எனக்காக நம்பினாளா, தெரியாது.

அவள் காரியம் முடிந்த பிறகு, வீட்டுக்கு வந்திருந்த குருக்கள் சமையலறையில் அந்தக் காலண்டரைப் பார்த்தார். "ராகு காலம் அந்தந்த ஊர் சூரியோதயத்தை வெச்சுத்தான் சார். மெட்ராஸ் டைம் இங்க செல்லாது. இங்க சனிக்கிழமைன்னா பத்து மணி வாக்குலதான் ஆரம்பிக்கும்."

"அப்போ ஒன்பது மணி?"

"பேஷா போலாமே."

அவர் போன பிறகு காலண்டர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். கோபம் கோபமாக வந்தது. சண்டை போட அவள் இல்லை.